இரண்டு நூல் கணக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கம் தையல் மெஷின் இருக்கிற வீட்டில் துணி மூட்டை ஒன்றும் கட்டாயம் இருக்கும். ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய பிட்டுகள், கரை நைந்த புடவைகள், பொங்கலுக்கு ரேஷன் கடையில் வாங்கிய இலவசச் சேலை, பிள்ளைகளின் பழைய சீருடை என்று எல்லாம் அதில் கிடக்கும். தூக்கிப் போடவும் மனம் வராது, எதற்கும் ஆகவும் ஆகாது. அந்த மூட்டையை அவிழ்க்க நினைப்பவர்களுக்காக அவ்வப்போது எழுதி வைத்த குறிப்புகள் இவை. எல்லாம் லாக் கேபின் என்னும் ஒட்டுத்துணிக் கட்டத்தைப் பற்றியவை.

குளிர்

கல்வராயன் மலையில் போர்வை அலங்காரப் பொருள் அல்ல. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. மார்கழியில் கீழே ஒரு துப்பட்டி போதும். மேலே வெள்ளிமலையில் அது போதாது. பழம்புடவைகளை நாலு மடிப்பாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுப் போர்த்திக்கொள்வது நம் வீடுகளில் வெகுகாலப் பழக்கம். அதில் அளவு பார்க்க ஒன்றுமில்லை. புடவையைப் பட்டைகளாக வெட்டிக் கட்டம் கட்டமாகச் சேர்க்கத் தொடங்கினால்தான் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வடிவம்

நடுவில் ஒரு சிறு சதுரம். அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, அடுத்த பக்கத்தில் இன்னொன்று, பிறகு மூன்றாவது, நான்காவது. ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேல் அடுத்த சுற்று. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு வெளிர் நிறம், மற்ற இரண்டுக்கும் அடர் நிறம். முடிந்த கட்டம் குறுக்காக இரண்டாகப் பிரிந்து, பாதி வெயிலும் பாதி நிழலுமாகத் தெரியும்.

நம்மவர்களுக்குக் கோயிலைச் சொன்னால் உடனே பிடிபடும். நடுச்சதுரம் கருவறை, சுற்றுகள் பிரகாரங்கள். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயிலில் எப்படி வலம் வருகிறோமோ அப்படியே பட்டைகளும் வலமாகவே போகட்டும். இடமாகத் தைத்தாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு போர்வையின் எல்லாக் கட்டங்களும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். கலந்துவிட்டால் மூலைகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது.

அமெரிக்காவில் இந்த வடிவம் 1860களில் பெருகியது. லாக் கேபின் எனப்படும் மரக்கட்டை வீட்டில் பிறந்த ஆபிரகாம் லிங்கன் 1860 தேர்தலில் வென்ற காலம் அது. நடுச்சதுரத்துக்குச் சிவப்புத் துணி வைப்பது அங்கே வழக்கம். வீட்டுக்குள் எரியும் அடுப்பைக் குறிப்பதாகச் சொல்வார்கள்.

அளவுப் பட்டியல்

தொடக்கக்காரர்களுக்கு மூன்று சுற்றுக் கட்டம் போதும். நடுச்சதுரத்தை இரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும். பட்டையின் அகலம் ஒன்றரை அங்குலம். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். தைத்து முடித்த பிறகு நடுச்சதுரம் 2 அங்குலமாகவும் ஒவ்வொரு பட்டையும் 1 அங்குலமாகவும் தெரியும்.

பட்டைகளின் நீளம்:
முதல் சுற்று: வெளிர் 2½, 3½, அடர் 3½, 4½.
இரண்டாம் சுற்று: வெளிர் 4½, 5½, அடர் 5½, 6½.
மூன்றாம் சுற்று: வெளிர் 6½, 7½, அடர் 7½, 8½.

முடிந்த கட்டம் எட்டரை அங்குலம். பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துத் தைத்தபின் 8 அங்குலம்.

கூட்டிப் பார்த்தால் ஒரு கட்டத்துக்கு வெளிர் பட்டை 30 அங்குலம், அடர் பட்டை 36 அங்குலம், அதாவது சரியாக ஒரு கஜம். பரப்பில் பார்த்தால் மொத்தம் 64 சதுர அங்குலத்தில் வெளிர் 27, அடர் 33, நடு 4. ஒவ்வொரு சுற்றிலும் அடர் பட்டை பின்னால் வருவதால் அதுதான் நீளமாக அமைகிறது. பாதிக்குப் பாதி என்று நினைத்துத் துணி எடுத்து வைப்பவர்களுக்கு அடர் துணி முதலில் தீர்ந்துபோவது இதனால்தான்.

ஒரு புடவையில் எவ்வளவு

அகலத்தில் 6, நீளத்தில் 8 என்று 48 கட்டங்கள் வைத்தால் 48-க்கு 64 அங்குலப் போர்வை. ஒரு பிள்ளைக்குத் தாராளம். இதற்கு அடர் பட்டை 48 கஜம் வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆறு கஜப் புடவையில் நீளவாக்கில் வெட்டிய ஒரு பட்டை ஆறு கட்டங்களுக்கு வரும். எட்டுப் பட்டைகள் போதும். எட்டு ஒன்றரை பன்னிரண்டு. புடவையின் அகலத்தில் ஓரடிதான் செலவு. வெளிருக்கு ஏழு பட்டைகள், பத்தரை அங்குலம். நல்ல நிலையில் உள்ள இரண்டு புடவைகளை எடுத்தால் முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். பிட்டுத் துணியாகச் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை எடைக்குப் பதில் கஜத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

பிழை எங்கே பிறக்கிறது

தையலுக்கு விடும் ஓரம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகும்? இரண்டு துணியிலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் போகிறது. ஒரு தையலுக்கு 2 மி.மீ. நஷ்டம். கட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஆறு தையல்கள். ஆக 12 மி.மீ., ஏறக்குறைய அரை அங்குலம். எட்டரை வர வேண்டிய கட்டம் எட்டாக நிற்கும். அப்படி எட்டுக் கட்டங்களை வரிசையாகச் சேர்த்தால் போர்வையின் நீளத்தில் ஒன்பதரை சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. எல்லாத் தையலிலும் ஒரே அளவு கூடினால் போர்வை சிறிதாகுமே தவிரக் கெடாது. எட்டு அங்குலக் கட்டத்தோடு எட்டு அங்குலக் கட்டம் ஒழுங்காகவே சேரும். காலையில் தைத்தது ஒரு மாதிரி, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து தைத்தது வேறு மாதிரி என்று ஆகும்போதுதான் ஒரு கட்டம் எட்டே கால், அடுத்தது எட்டே முக்கால் என்று நிற்கும். பெரியதைச் சுருக்கி, சிறியதை இழுத்து, எப்படியோ சேர்த்துத் தைத்தால் நடுவில் உப்பிக்கொள்ளும். எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது.

இரண்டு நூல்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பட்டறைகளில் எட்டு நூல் ஓர் அங்குலம். அந்தக் கணக்கில் நம் கால் அங்குலம் இரண்டு நூல். மரத்தில் ஒரு நூல் பிசகினால் சட்டம் பொருந்தாது என்று தச்சருக்குத் தெரியும். துணி வளைந்து கொடுப்பதால் தையல்காரருக்கு அது உடனே தெரிவதில்லை.

கால் மெஷினில் இரண்டு நூல் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் போதும். ஊசியைக் கையால் இறக்கி, அளவு நாடாவின் கால் அங்குலக் கோட்டில் முனை படும்படி வைத்து, நாடாவின் விளிம்பு வரும் இடத்தில் மெஷின் தட்டின்மேல் இன்சுலேஷன் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்ட வேண்டும். துணியின் ஓரம் அந்த மேட்டைத் தொட்டுக்கொண்டே போகும். துணியை அழுத்தும் மெஷின் காலை நம்பக் கூடாது. அதன் விளிம்பு மெஷினுக்கு மெஷின் மாறும்.

சோதனை இது. ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். மொத்தம் மூன்றரை அங்குலமும் நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும் வர வேண்டும். பெரும்பாலும் ஒரு மயிரிழை குறையும். நூலின் கனமும் துணி மடங்கும் இடமும் கொஞ்சம் விழுங்கிவிடுகின்றன. டேப்பை அந்த மயிரிழை அளவு ஊசிப்பக்கம் நகர்த்தி ஒட்டினால் சரியாகிவிடும்.

இழை

பட்டையைப் பாவு ஓடும் திசையில் வெட்டுவது நல்லது. புடவையில் அது நீளவாக்கு, கரைக்கு இணையாக. அந்தத் திசையில் துணி அதிகம் இழுபடாது. ஊடை வாக்கில் வெட்டினால் கொஞ்சம் இழுபடும். கிராஸாக வெட்டினால் கையில் எடுத்தாலே நீளும். பிட்டுத் துணியில் பாவு எது என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தால் போதும். விறைப்பாக நிற்பது பாவு.

கிழிப்பது வேகமான வழி. நேர் இழையில்தான் கிழியும் என்பது அதன் நன்மை. ஆனால் ஓரம் சுருண்டு, நூல் பிரிந்து, அளவு நாடாவுக்குப் போக்குக் காட்டும். கிழிப்பவர்கள் பட்டையைக் கொஞ்சம் அகலமாகக் கிழித்து, இஸ்திரி போட்டபின் சரியான அகலத்துக்கு வெட்டிக்கொள்ளட்டும்.

மரவள்ளிக் கஞ்சி

நைந்த புடவை வழவழவென்று நழுவும். அதை அளந்து வெட்டுவது கடினம். கஞ்சி போட்டால் காகிதம்போல நிற்கும்.

கல்வராயன் அடிவாரத்திலும் சின்னசேலம் பக்கத்திலும் மரவள்ளி நிறைய விளைகிறது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகக் கிழங்கு போகிறது. ஆலைகளின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. ஜவ்வரிசி போக, அந்த ஸ்டார்ச் மாவு நூலுக்குப் பசை போடத் தறிக்காரர்களுக்கும் போகிறது. தறிக்கு உதவுவது நம் பட்டைக்கும் உதவும்.

ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் தெளியும்வரை கிண்ட வேண்டும். ஆறியதும் துணியை முக்கி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி. இதெல்லாம் வெட்டுவதற்கு முன்னால். வெட்டிய பட்டைக்குக் கஞ்சி போட்டால் அது கோணலாகவே உலரும். போர்வை முடிந்ததும் ஒரு தடவை அலசிவிட வேண்டும். கஞ்சியை விட்டு வைத்தால் கரப்பான் வந்துவிடும்.

இஸ்திரி

இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. சட்டைக்குத் தேய்ப்பதுபோல் தள்ளினால் ஒன்றரை அங்குலப் பட்டை வில்லாக வளையும். ஒவ்வொரு தையல் முடிந்ததும் ஓரத்தை வெளிப்பக்கம், புதிய பட்டையின் அடியில் படும்படி படிய வைக்க வேண்டும். படியாத தையலின்மேல் அடுத்த பட்டை ஏறினால் மடிப்புக்குள் அரை நூல் ஒளிந்துகொள்ளும்.

வெட்டி வைப்பதா, தைத்து வெட்டுவதா

நீளமான பட்டையை அப்படியே வைத்துத் தைத்துவிட்டு, மிச்சத்தை நறுக்கிவிடுவது பலருடைய வழக்கம். வேகம் அதிகம். ஆனால் தைக்கும்போது மெஷினின் பற்கள் கீழ்த்துணியை இழுக்க, மேல்துணி பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்று நமக்குத் தெரியவே தெரியாது. நறுக்கியதும் தடயம் போய்விடும்.

அளவுப் பட்டியல்படி வெட்டி வைத்துத் தைத்தால் ஒவ்வொரு பட்டையும் ஒரு சாட்சி. நாலரை அங்குலப் பட்டை கட்டத்தின் பக்கத்தைவிட நீண்டு நின்றால் முந்தைய தையலில் ஓரம் கூடிவிட்டது. குட்டையாக நின்றால் ஓரம் குறைந்துவிட்டது. அப்போதே பிரித்துவிடலாம். ஒரு சுற்றுக்குள் பிடித்த பிழையைப் பிரிக்க இரண்டு நிமிடம் ஆகும். மூன்று சுற்று தாண்டினால் கட்டத்தையே பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் அளக்க வேண்டிய எண்கள் மூன்றே: நாலரை, ஆறரை, எட்டரை. மெஷின் பக்கத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்தால் போதும்.

காடாத் துணி அடிப்படை

பட்டும் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து வருகிற மூட்டைக்கு வேறு வழி சிறந்தது. ஒன்பது அங்குலக் காடாத் துணியில் கட்டத்தின் கோடுகளைப் பென்சிலால் வரைந்து, வரிசை எண் எழுதி, அந்தக் கோட்டின்மேலேயே தைப்பது. பட்டை எவ்வளவு வழுக்கினாலும் கோடு நகராது. பழைய லாக் கேபின்களில் பெரும்பாலானவை இப்படி அடித்துணியின்மேல் தைத்தவைதான். காடாவே ஒரு அடுக்காகிவிடுவதால் மலைக்குளிருக்குக் கனமும் கிடைக்கும்.

காகிதத்தில் வரைந்து, தைத்தபின் கிழித்தெடுக்கவும் செய்யலாம். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் நல்லது. செய்தித்தாளின் மை வெளிர் துணியில் ஏறும். தையலைப் பொடியாக வைத்தால் காகிதம் சுலபமாகக் கிழியும்.

துணிச் சோதனை

இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983-இல் தொடங்கியது. அந்தச் சேலை இல்லாத மூட்டை அரிது. பள்ளிச் சீருடை பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. அடர் நிறத்துக்கு அருமையாக இருக்கும், ஆனால் பருத்திக்கான சூட்டில் சுருங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாக உறையும். இரண்டையும் ஒரே கட்டத்தில் வைக்காமல் தனித்தனிப் போர்வையாகச் செய்வது உத்தமம். எதுவானாலும் நனைத்து, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்தபிறகே வெட்ட வேண்டும்.

வெளிரா அடரா என்று பிரிக்கும்போது நிறத்தைப் பார்க்கக் கூடாது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் மாம்பழ மஞ்சளும் வெளிர் ரோஜாவும் ஒரு பக்கம் போய்விடும். அரக்கும் கரும்பச்சையும் இன்னொரு பக்கம்.

அடுக்கும் விதம்

ஒரே கட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்தால் போர்வை மாறும். நான்கு கட்டங்களின் அடர் மூலைகள் நடுவில் சந்தித்தால் கருவைரம். எல்லா அடர் பாதிகளும் சாய்வாக ஒன்றன்பின் ஒன்று தொடர்ந்தால் உழவுச்சால். அமெரிக்கர்களும் இதை நேர்ச்சால் என்றுதான் அழைக்கிறார்கள். தைக்கும் முன் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். மூலைகள் ஒத்துப்போகாத கட்டம் எது என்று அப்போதே பல்லிளித்துக் காட்டிவிடும்.

ஜாண் அளவு

ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவில் இதே வடிவத்தை அளவுகோல் இல்லாமலே தைத்திருக்கிறார்கள். அடித்துணிக்கு ஜாண், மற்றதற்கெல்லாம் விரல். பட்டைகளை மடித்து அடித்துணியோடு சேர்த்துத் தைப்பதால் நடுவே பஞ்சு வைக்கும் தேவையும் இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள் இந்த வகையை ‘வீட்டுக்கூரை’ என்பார்கள். கோடு நேராக ஓடாது, கோணும். அந்தக் கோணலுக்கும் ஒரு தீர்மானம் உண்டு. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. 2006-இல் அஞ்சல்தலையாகவும் வந்தன.

நம் பக்கத்துக் கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். அது லாக் கேபினுக்கு நேர் எதிர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கட்டம் தனியாக இல்லாததால் கட்டம் பொருந்தாத சிக்கலும் இல்லை.

கல்வராயனுக்கு இன்னும் நெருக்கமானது சிட்லிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் இருக்கிற பள்ளத்தாக்கு. 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். மூத்த பெண்கள் சிலருக்கு மட்டுமே கைவசம் இருந்த லம்பாடித் தையல், அந்தப் பணியின் கிளையாகப் ‘போர்கை’ என்ற பெயரில் 2006 வாக்கில் மறுபடி எழுந்தது. லம்பாடிப் பெண்களின் பழைய பாவாடைகளில் துணி ஒட்டுகளும் கண்ணாடியும் சோழியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். துணியில் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே தைக்கிற கை அது. ஒட்டுத்துணி வேலைக்கு நாம் வெளியூரில் ஆசிரியர் தேட வேண்டியதில்லை.

டேப்பும் ஸ்கேலுமாக அளந்துகொண்டிருந்தால் எந்த ஊர் ஆயாவும் ஒரு தடவை கேட்பார்: “கந்தலைப் போயி ஏம்மா இப்படி அளக்குற? என் ஜாணு போதாதா?” போதும். அவர் ஜாண் காலையிலும் மாலையிலும் ஒரே ஜாண்தான். ஆயா ஒரு கட்டமும் மருமகள் ஒரு கட்டமும் பேத்தி ஒரு கட்டமும் தைத்து ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் ஸ்கேல் தேவைப்படுகிறது. குழுவாகத் தைக்கிற இடத்தில் எல்லோரும் ஒரே ஸ்கேலையும், டேப் ஒட்டிய ஒரே மெஷினையும் பயன்படுத்த வேண்டும் என்பது இதனால்தான். இரண்டு கம்பெனி ஸ்கேல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; கோடுகள் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

விலை

ஒரு கட்டத்தில் 12 தையல்கள். 48 கட்டத்தில் 576. அதோடு கட்டங்களை இணைக்கும் தையல், அடித்துணி, ஓரப்பட்டை. 2019-இல் சென்னையில் நடந்த இந்தியக் குயில்ட் விழாவுக்குப் பிறகு இங்கும் இந்த வேலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது மூலையைத்தான். நான்கு கட்டங்கள் சந்திக்கும் இடம் கூராக இருந்தால் கேட்ட விலை கிடைக்கும். இல்லாவிட்டால் அது ‘பழம்புடவைப் போர்வை’ விலைக்குத்தான் போகும். துணி கந்தலாக இருக்கலாம், அளவு கந்தலாக இருக்கக் கூடாது.

அரசு கொடுத்த இலவசத் தையல் மெஷின் பல வீடுகளில் ரவிக்கைக்கும் கிழிசலுக்கும் மட்டுமே ஓடுகிறது. இந்த வேலைக்கு அதற்கு மேல் எந்தக் கருவியும் வேண்டாம். மூட்டையை அவிழ்த்து ஒரே ஒரு கட்டத்துக்கு வெட்டுங்கள். எட்டரை அங்குலம் வருகிறதா என்று நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். வந்த பிறகு மற்ற நாற்பத்தேழுக்கும் துணி வெட்டலாம்; வராதவரை கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.